சுருட்டை முடிக்கு ஆலிவ் எண்ணெய்: எவ்வளவு, எப்போது, எப்படிக் கழுவுவது?

செந்தூல்_சுருள் (ஞாயிறு, இரவு 9:12)
எல்லாருக்கும் வணக்கம். தோளுக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் முடி. அடர்த்தி, நல்ல சுருட்டை. நுனி தேங்காய் நார் மாதிரி சொரசொரன்னு இருக்கு. எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயை ராத்திரி பூரா ஊறவிட்டு காலையில ஷாம்பு போட்டா முதல் நாள் பிசுபிசுன்னு ஒட்டுது, மூணாம் நாள் பழையபடி வறண்டு போகுது. எவ்வளவு ஊத்தணும்? தலைத்தோல்லயும் தேய்க்கணுமா? பிசுக்குப் போக எப்படிக் கழுவணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி (ஞாயிறு, இரவு 9:47)
தங்கச்சி, முதல்ல அளவைச் சரி பண்ணுங்க. உங்க நீளத்துக்கு 2 டீஸ்பூன், அதாவது 10 மில்லி போதும். ரொம்ப அடர்த்தின்னா 3. இடுப்பு வரைக்கும் இருக்கிறவங்களுக்கே 4 டீஸ்பூன்தான். அதுக்கு மேல ஊத்துறது முடியோட மேல உக்காந்துக்கும். அதை எடுக்க ரெண்டு மூணு தடவை ஷாம்பு போடுவீங்க, அந்த ஷாம்பு நுனியை உரிச்சு எடுத்துடும். மூணாம் நாள் வறட்சிக்குக் காரணம் எண்ணெய் பத்தாததா இருக்காது, கழுவுன விதமாத்தான் இருக்கும்.

தடவுற முறை. முடி காய்ஞ்சு இருக்கணும். விரலால சிக்கு எடுத்து நாலா பிரிச்சு கிளிப் போடுங்க. அடர்த்தி ஜாஸ்தின்னா ஆறா பிரிங்க. எண்ணெயை சின்ன கிண்ணத்துல ஊத்தி, சுடுதண்ணி இருக்கிற பெரிய கிண்ணத்துக்குள்ள 5 நிமிஷம் வைங்க. மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு வெச்சா வெதுவெதுப்பா இருக்கணும், சுடக் கூடாது. மைக்ரோவேவ்ல வைக்காதீங்க. எண்ணெய் கொதிக்காது, ஆவி வராது, எவ்வளவு சூடுன்னு பார்த்தா தெரியாது. கை பட்ட பிறகுதான் தெரியும்.

ஒரு பாகத்துக்கு அரை டீஸ்பூன். ரெண்டு உள்ளங்கையிலயும் பரப்பிக்கிட்டு, நுனியில ஆரம்பிச்சு காது மட்டம் வரைக்கும். அப்புறம் முடியை ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சு மேலிருந்து கீழா வழிச்சு விடுங்க. முன்னும் பின்னும் கசக்கித் தேய்க்காதீங்க, முடி மேல அடுக்கா இருக்கிற செதில் தூக்கிக்கும், சிக்கு விழும். தளர்வா பின்னி, ஷவர் கேப் போட்டு, 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம். ராத்திரி பூரா ஊறணும்னு அவசியமே இல்ல. நெத்தியில பருவும் தலையணையில கறையும்தான் மிச்சம்.

கழுவுறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. தண்ணியில நனைச்சுட்டு ஷாம்பு போடாதீங்க. எண்ணெய் இருக்கிற காய்ஞ்ச முடி மேலயே கண்டிஷனரைத் தாராளமா போடுங்க, உங்க முடிக்கு ரெண்டு மேசைக்கரண்டி. 3 நிமிஷம் விரலால நீவுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிச்சு நீவுனா பால் மாதிரி வெள்ளையா வழியும். அப்படி வழிஞ்சா எண்ணெய் கழண்டு வருதுன்னு அர்த்தம். நல்லா அலசிட்டு ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும், ஒரே தடவை. நுரை கீழ வழியறதே நுனிக்குப் போதும். கடைசியா நுனிக்கு மறுபடியும் கண்டிஷனர், பெரிய பல் சீப்பால வாரி, அலசிடுங்க. சிக்கு எடுக்கிறதா இருந்தா இந்த நேரத்துல எடுங்க. காய்ஞ்ச பிறகு சுருட்டை முடியில சீப்பு வைக்காதீங்க.

மருந்தாளர்_பினாங்கு (ஞாயிறு, இரவு 10:30)
கத்தரி அக்கா சொன்னதற்கான காரணத்தை நான் சேர்க்கிறேன். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அதனால் எந்த எண்ணெயாலும் முடிக்கு ஈரம் "கொடுக்க" முடியாது. எண்ணெய் செய்வது இரண்டு வேலை. ஒன்று, வழுவழுப்பு: முடியோடு முடி உரசும்போது உடைவது குறையும். இன்னொன்று, தண்ணீர் உள்ளே பாயும் வேகத்தைக் குறைப்பது. நனைந்த முடியின் விட்டம் ஏறத்தாழ 15 சதவீதம் வரை பெருக்கும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு குளியலிலும் இப்படிப் பெருத்துச் சுருங்கித்தான் மேல்செதில் தளர்கிறது. குளிக்கும் முன் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் இந்தப் பெருக்கம் குறையும். ஆகவே எண்ணெய்க்கு உரிய நேரம் ஷாம்புக்கு முன்.

சுருட்டை முடி ஏன் சீக்கிரம் வறள்கிறது என்றால், தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் இறங்குவது போல வளைவுகளில் இறங்காது. வளையும் இடங்களில் செதில் சற்றுத் தூக்கியும் இருக்கும். வேர்ப்பக்கம் எண்ணெய்ப் பசை, நுனி வறட்சி என்று ஒரே தலையில் இரண்டும் இருப்பது இதனால்தான். எண்ணெயை நுனிக்கும் ஷாம்புவை வேருக்கும் பிரித்துக் கொடுப்பதும் அதற்காகவே.

கண்டிஷனர் முதலில் ஏன்? கண்டிஷனரில் செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் போன்ற நேர்மின் சேர்மங்களும் கொழுப்பு ஆல்கஹாலும் இருக்கும். இவை எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலக்க வைக்கும், சேதமான முடிப்பரப்பில் போய் ஒட்டவும் செய்யும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டால் எண்ணெய் திட்டுத் திட்டாக ஒதுங்கிக்கொள்ளும், ஷாம்பு நுரையே வராது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஷாம்பு ஊற்றுவோம்.

செந்தூல்_சுருள் (ஞாயிறு, இரவு 10:41)
நான் 4 மேசைக்கரண்டி ஊத்திக்கிட்டு இருந்தேன்! சரி, இன்னொரு சந்தேகம். காணொளிகள்ல ஈர முடியில தடவணும்னு சொல்றாங்களே? தேங்காய் எண்ணெய் இதைவிட நல்லதா?

மருந்தாளர்_பினாங்கு (ஞாயிறு, இரவு 11:05)
ஈர முடியில் தடவுவது வேறு வேலை. குளித்து முடித்து, லீவ்-இன் (அலசாமல் முடியிலேயே விடும் கிரீம்) போட்ட பிறகு, ஈரம் சட்டென்று போகாமலிருக்க 3 அல்லது 4 சொட்டு உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தொடுவது. அங்கே டீஸ்பூன் கணக்கே கிடையாது.

தேங்காயா ஆலிவா என்றால், முடியின் புரதம் கழுவும்போது வெளியேறுவதைத் தடுப்பதில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் வலுவான சான்று. 2003இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் மட்டுமே. அதன் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். சிறிய, நேரான மூலக்கூறு, முடித்தண்டுக்குள் நுழைந்துவிடும். ஆலிவில் 55 முதல் 83 சதவீதம் ஓலிக் அமிலம். அதுவும் ஓரளவு உள்ளே போகும், ஆனால் கூடுதலாக மேற்பரப்பில் தங்கி வழுவழுப்புத் தரும். தேங்காய் எண்ணெய் தடவினால் முடி விறைப்பாகிறது என்று சொல்லும் சுருட்டை முடிக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு ஆலிவ் பொருந்தும். பாதிக்குப் பாதி கலந்தும் பார்க்கலாம்.

கிள்ளான்_பெரியவர் (திங்கள், காலை 7:20)
எல்லாம் சரி. ஆனால் தலைத்தோலில் வைக்காமல் என்ன எண்ணெய்க் குளியல்? நல்லெண்ணெயை உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தலை முழுகியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். தீபாவளிக்கு மட்டும் என்று இப்போது சுருங்கிவிட்டது. அவர்களுக்கெல்லாம் முடி நன்றாகத்தானே இருந்தது?

மருந்தாளர்_பினாங்கு (திங்கள், காலை 8:02)
ஐயா, அந்தப் பழக்கத்தில் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது: தேய்த்து, ஊறவைத்து, அன்றே முழுகிவிடுவார்கள். எண்ணெய் தலைத்தோலில் நாள்கணக்கில் தங்காது. தலைத்தோல் சுத்தமாக இருப்பவர்கள் இன்றும் அப்படியே செய்யலாம், கெடுதல் இல்லை.

பொடுகு இருப்பவர்களுக்குத்தான் எச்சரிக்கை. பொடுகோடு தொடர்புடைய மலஸ்ஸீசியா என்ற பூஞ்சை, கொழுப்பைத் தின்று வாழ்வது. ஆய்வகத்தில் அதை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் சேர்ப்பது வழக்கம். அது எண்ணெயை உடைக்கும்போது ஓலிக் அமிலம் வெளியாகிறது, அதைத் தாங்காத தலைத்தோல் செதில் செதிலாக உதிர்கிறது. "வறண்டு போய்ச் செதில் வருகிறது" என்று நினைத்து மேலும் எண்ணெய் வைத்தால் செதில் கூடும். அப்படிப்பட்டவர்கள் கீட்டோகொனஸோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இருமுறை, 5 நிமிடம் தலைத்தோலில் வைத்து அலசி, 2 முதல் 4 வாரம் பார்க்கட்டும். நுனிக்கு எண்ணெய் தொடரலாம். அந்த ஷாம்பு நுனியைக் காய வைக்கும் என்பதால் தொடர்வதே நல்லது. தலைத்தோல் சிவந்து நீர் கசிந்தாலோ வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி (திங்கள், காலை 8:30)
சீயக்காய் பத்தி ஒண்ணு. நேர்முடிக்கு அருமையா இருக்கும். சுருட்டையில தூள் உள்ள மாட்டிக்கிட்டா அலசி எடுக்கிறதுக்குள்ள முடி பாதி உடையும். சீயக்காய்தான் வேணும்னா தூளை வெந்நீர்ல ஊறவெச்சு, மெல்லிய துணியில வடிகட்டி, அந்தத் தண்ணியை மட்டும் ஊத்துங்க.

ஜார்ஜ்டவுன்_நிஸா (திங்கள், மதியம் 1:15)
எனக்கு தூடோங் (தலையை மூடுற துணி) போடுற பழக்கம். மோட்டார்ல வேலைக்குப் போறேன், அதுக்கு மேல ஹெல்மெட். விடிகாலை சுபுஹு தொழுகைக்கு முன்னாடி குளிச்சா முடி காயாமலே கட்ட வேண்டியிருக்கு. நாள் பூரா ஈரம். ஜைத்தூன் (ஆலிவ்) எண்ணெய் நுனியில வெச்சா துணியில ஊறுது. என்ன செய்யலாம்?

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி (திங்கள், மதியம் 2:40)
நிஸா, எண்ணெய் வேலையை லீவு நாளுக்கு முந்தின ராத்திரிக்கு மாத்திக்குங்க. ஈர முடியைக் கட்டி, மேல துணி, மேல ஹெல்மெட்னா வேர்ப்பக்கம் அரிப்பு, வாடை ரெண்டும் வரும். ஈர முடி நல்லா இழுபடும், இறுக்கிக் கட்டுனா ரப்பர்பேண்ட் போடுற இடத்துலயே வரிசையா உடையும். காதுக்கு மேல சின்னச் சின்ன முடியா நீட்டிக்கிட்டு நிக்குதா பாருங்க, அது உடைஞ்ச முடி.

ராத்திரி குளிச்சுட்டு துண்டால துவட்டாதீங்க. பழைய பருத்தி டி-சட்டையை விரிச்சு முடியைக் குனிஞ்சு அதுல கொட்டி, 15 நிமிஷம் சுத்தி வைங்க. அப்புறம் ஹேர் டிரையர்ல டிஃப்யூசர் (காத்தைப் பரப்பி விடுற முனை) மாட்டி, சூடு குறைச்சலா, வேரை மட்டும் காய வைங்க. நுனி தானா காயும். காலையில எண்ணெய் வேண்டாம். தூடோங்குக்கு உள்ள போடுற தொப்பி சாட்டின் துணியில இருந்தா உரசல் குறையும், பருத்தித் தொப்பி இருக்கிற வழுவழுப்பையும் உறிஞ்சிடும்.

பாயான்லெப்பாஸ்_ஷிப்ட் (திங்கள், இரவு 11:50)
எங்க தொழிற்சாலையில நாள் பூரா ஏர்கோன். உள்ள இருக்கும்போது முடி அடங்கி இருக்கு. வெளிய பஸ்ஸுக்கு நடந்தா பத்து நிமிஷத்துல பஞ்சாப் பறக்குது. எண்ணெய் கூட்டி வெச்சா அடங்குமா?

மருந்தாளர்_பினாங்கு (செவ்வாய், காலை 7:45)
கூட்டினால் தொங்கும், அடங்காது. நடப்பது இதுதான்: முடியின் வடிவத்தைப் பிடித்து வைப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு. அவை தண்ணீர் பட்டால் பிரிந்து, காயும்போது புதிய இடத்தில் சேரும். ஏர்கோன் அறையில் காற்று உலர்ந்திருக்கும். வெளியே நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் விடிகாலையில் 90 சதவீதத்தைத் தாண்டும். முடி அந்த ஈரத்தைக் குடித்து ஒவ்வோர் இழையும் தன் போக்கில் வளைகிறது.

முதலில் உங்கள் லீவ்-இன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் கிளிசரின் இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து முடியை இன்னும் பெருக்க வைக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் புகழும் பல கிரீம்கள் இங்கே சரிவராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி (செவ்வாய், காலை 9:10)
பறக்கிறதுக்கு ஜெல்தான். சொட்டச் சொட்ட ஈரமா இருக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி ஜெல்லைக் கீழிருந்து மேலா கசக்கி ஏத்துங்க. முழுசா காயுற வரைக்கும் தொடாதீங்க. காய்ஞ்சதும் மொறமொறன்னு இருக்கும். அப்போ ரெண்டே சொட்டு ஆலிவ் எண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சு, அதே மாதிரி கசக்குங்க. மொறமொறப்பு உடைஞ்சு சுருள் மட்டும் நிக்கும். பாதி காய்ஞ்சப்ப தொட்டா அங்கேயே பறக்க ஆரம்பிச்சிடும்.

ஈப்போ_ரோடு (செவ்வாய், இரவு 8:05)
ரீபோண்டிங் பண்ணின முடிக்கு ஆலிவ் எண்ணெய் பழைய சுருளைக் கொண்டு வருமா? வேர்ல சுருட்டை வளருது, கீழ குச்சியா நிக்குது.

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி (செவ்வாய், இரவு 9:00)
வராது. ரீபோண்டிங் மருந்து முடிக்குள்ள இருக்கிற கந்தகப் பிணைப்பையே உடைச்சு நேரா மாத்தி ஒட்ட வெச்சது. எந்த எண்ணெயும் அதைத் திருப்பாது. இப்போ கவனிக்க வேண்டியது சுருட்டையும் நேர்முடியும் சேர்ற இடம். அந்தக் கோட்டுலதான் ஒடியும். ஊறவைக்கிற எண்ணெயை நுனியோட நிறுத்தாம அந்தக் கோடு வரைக்கும் கொண்டு போங்க, அங்க சீப்பு இழுக்காதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு அங்குலம் வெட்டிக்கிட்டே வந்தா போதும். சாயமோ இனாயோ (மருதாணி) போடப் போறவங்க முந்தின குளியல்ல எண்ணெய் வைக்க வேண்டாம், பிடிக்காது.

ஜார்ஜ்டவுன்_நிஸா (புதன், காலை 10:20)
எந்தப் புட்டி வாங்கறதுன்னும் சொல்லுங்க. சூப்பர்மார்க்கெட்ல ஒரு வரிசையே இருக்கு. மஸ்ஜித் இந்தியா பக்கம் "ஆலிவ் ஹேர் ஆயில்"னு மலிவா வேற கிடைக்குது.

மருந்தாளர்_பினாங்கு (புதன், காலை 11:00)
முடிக்கு எக்ஸ்ட்ரா வர்ஜின் கட்டாயமில்லை. சுத்திகரித்த ஆலிவ் எண்ணெயிலும் அதே ஓலிக் அமிலம்தான், வாசனையும் பச்சை நிறமும் குறைவு, விலையும் குறைவு. கவனிக்க வேண்டியது, "பிளெண்ட்" என்று சிறிய எழுத்தில் போட்டு வேறு சமையல் எண்ணெய் கலந்த புட்டிகள். சமையலுக்குப் பரவாயில்லை, நீங்கள் தேடுவது அது அல்ல.

ஹேர் ஆயில் என்று விற்பவற்றில் பொருள் பட்டியலின் முதல் வரியைப் படியுங்கள். அதிக அளவில் உள்ளது முதலில் வரும். முதலில் பாரஃபினம் லிக்விடம் என்றோ மினரல் ஆயில் என்றோ இருந்து, ஒலியா யூரோபியா (ஆலிவின் அறிவியல் பெயர்) கடைசியில் வாசனைக்குப் பக்கத்தில் இருந்தால், அது ஆலிவ் மணம் சேர்த்த மினரல் எண்ணெய். விஷம் ஒன்றுமில்லை, மேலே பளபளப்பு தரும், ஆனால் முடிக்குள் போகாது.

சின்னப் புட்டியாக, நிறக் கண்ணாடியில் வாங்குங்கள். குளியலறையிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மெழுகுப் பென்சில் மாதிரியோ பழைய வேர்க்கடலை மாதிரியோ வாடை அடித்தால் காறிவிட்டது, கொட்டிவிடுங்கள்.

செந்தூல்_சுருள் (புதன், இரவு 9:30)
முட்டை, தேன், மயோனைஸ் கலந்து போடச் சொல்றாங்களே?

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி (புதன், இரவு 9:44)
முட்டை வெந்நீர் பட்டா முடியிலேயே வெந்து திட்டுத் திட்டா ஒட்டிக்கும். அதுல இருக்கிற புரதம் முடிக்குள்ள போற அளவுக்குச் சின்னதும் இல்ல. தேன் ஒட்டும், அவ்வளவுதான். சமையலறைக்கே திருப்பி அனுப்புங்க. விளக்கெண்ணெய் கலக்கறவங்களும் ஜாக்கிரதை. ரொம்ப கெட்டி, சுருட்டையில முடிச்சு விழுந்தா பிரிக்கவே முடியாது. கலந்தே ஆகணும்னா 2 டீஸ்பூன் ஆலிவுக்குக் கால் டீஸ்பூன்.

இன்னொண்ணு முக்கியம்: எண்ணெய் வெச்ச முடியில அயர்ன் வைக்காதீங்க. நிறைய அயர்ன் 200 டிகிரிக்கு மேல போகும். எக்ஸ்ட்ரா வர்ஜின் 190ல இருந்து 210 டிகிரிக்குள்ளயே புகைய ஆரம்பிக்கும். முடி அந்த எண்ணெயிலயே பொரியும்.

செந்தூல்_சுருள் (ஞாயிறு, மாலை 5:18)
கத்தரி அக்கா சொன்னபடி 2 டீஸ்பூன், கண்டிஷனர் முதல்ல. பிசுக்கு சுத்தமா இல்ல, ஷாம்பு ஒரே தடவைதான். நடுமுடி மெத்துன்னு இருக்கு. ஆனா கடைசி ரெண்டு விரல் அளவு இன்னும் சொரசொரன்னே இருக்கே? வாரம் ரெண்டு தடவையா கூட்டட்டுமா?

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி (ஞாயிறு, மாலை 6:02)
கூட்டாதீங்க. நுனியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ரெண்டா மூணா பிளந்தோ, வெள்ளைப் புள்ளியாவோ இருந்தா அந்த இடத்துல செதிலே இல்ல. எண்ணெய் அந்தப் பிளவை ஒட்ட வைக்காது, வெட்டணும். வெட்டலேன்னா பிளவு மேல ஏறும்.

வறண்ட முடிக்கு வாரம் ஒரு தடவை, ஓரளவு தேறினதும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. எண்ணெய் கூடிப் போச்சுன்னா ஷவர்ல நின்னாலும் முடி சட்டுனு நனையாது, காய்ஞ்சா மெழுகு மாதிரி இருக்கும், சுருள் தொங்கும். அப்போ ஆழமா சுத்தம் பண்ற ஷாம்பு ஒரு தடவை போட்டு, அடுத்த ரெண்டு வாரம் எண்ணெயை நிறுத்திப் பாருங்க.

செந்தூல்_சுருள் (ஞாயிறு, மாலை 6:15)
நன்றிக்கா, வெட்டிடறேன். எண்ணெய் ஊறுன துண்டு, டி-சட்டையை டோபி கடை மெஷின்ல போடலாமா?

மருந்தாளர்_பினாங்கு (ஞாயிறு, மாலை 6:50)
முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறை மேல் தடவி 10 நிமிடம் ஊறவிட்டு, சுடுதண்ணீரில் தோய்த்துவிட்டுப் போடுங்கள். ஆனால் அதைச் சூட்டு டிரையரில் போட வேண்டாம், கொடியில் காயப் போடுங்கள். கழுவியும் முழுதாகப் போகாத எண்ணெய், சூடான துணிக் குவியலுக்குள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். குளியலறைத் தரையிலும் வெந்நீரும் சோப்பும் ஊற்றித் தேய்த்துவிடுங்கள், வீட்டில் பெரியவர்கள் அடுத்துக் குளிக்கப் போவார்கள்.